கையில் வந்த சந்தை

(கரடியூரில் நடைபெற்ற மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இம்மலைக்கு ஏறி வரும்போதெல்லாம், வழியில் தென்படும் காப்பித் தோட்டங்களையும் மிளகுக் கொடிகளையும் பார்த்து மகிழ்வது என் வழக்கம். இன்று அவற்றில் என் கவனம் செல்லவில்லை. உங்கள் குழு எனக்கு அனுப்பியிருந்த விண்ணப்பத்தைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தேன். வங்கியில் பெற்ற கடனிலிருந்து 50,000 ரூபாயை எடுத்து, உங்கள் காப்பித் தூளையும் மிளகையும் இணையத்தில் விளம்பரம் செய்ய ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சிறியது, அதற்குள் அடங்கிய விஷயமோ பெரியது. ஆகவே, கோப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பாமல், நேரிலேயே வந்து பேசுவதென்று முடிவு செய்தேன்.

சமூக வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. எங்கோ ஓரிடத்தில் கண்டறியப்பட்ட நல்ல முறையைக் கிராமத்து மக்களிடம் கொண்டு சேர்ப்பதும், கிராமத்து மக்களின் இடர்ப்பாட்டை உரியவர்களிடம் எடுத்துச் சொல்வதும் அன்று முதல் எங்கள் கடமை. அன்று விதையையும் உரத்தையும் பற்றிப் பேசினோம். இன்று கைப்பேசியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. காலம் மாறினாலும் கடமை ஒன்றுதான்.

பழைய சந்தையும் புதிய சந்தையும்

விளைவிப்பது ஒரு கலை. விற்பது மற்றொரு கலை. இம்மலையில் முதலாவது கலைக்குக் குறைவு இருந்ததில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இந்த மண் காப்பியை அறியும். ஆனால், விற்பனை நெடுங்காலம் நம் கையில் இல்லை. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின் கீழ், விளைந்த காப்பியைப் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். காப்பி வாரியம் அதை விற்றுப் பணம் கொடுக்கும். 1990களில் அந்த முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996இல் முடிவுற்றது. அதன்பின் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்ற உரிமை வந்தது. உரிமை வந்ததே தவிர, வாங்குபவர் நம் வாசலுக்கு வந்துவிடவில்லை. சிறு விவசாயிக்கும் காப்பி குடிப்பவருக்கும் இடையில் தரகர், வியாபாரி, வறுப்பவர், கடைக்காரர் என்று ஒரு வரிசை நின்றது.

அந்த வரிசையைக் குறைக்கும் முயற்சிகள் பல நடந்துள்ளன. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை அவற்றுள் ஒன்று. அங்கே விளைவித்தவரும் உண்பவரும் நேருக்கு நேர் நின்றனர். 2016இல் தேசிய வேளாண் மின்னணுச் சந்தை தொடங்கிற்று. அதே ஆண்டில் கைப்பேசி வழியாகவே பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறையும் வந்தது. இன்று தேநீர்க் கடையில் பத்து ரூபாயும் அவ்வழியே செல்கிறது. வாங்குபவரின் சொல் ஒரு நொடியில் வருகிறது. அவர் பணமும் ஒரு நொடியில் வருகிறது. இதுவே நாம் இணைய வணிகம் என்று சொல்வதன் அடிப்படை.

இது முற்றிலும் புதியதென்று அஞ்ச வேண்டியதில்லை. பொருளைக் காணாமலே வாங்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. 1877இல் தபால் இலாகா வி.பி.பி. முறையை ஏற்படுத்தியது. பத்திரிகையில் விளம்பரத்தைப் பார்த்துக் கடிதம் எழுதுவார்கள். பார்சல் வந்ததும் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொள்வார்கள். 1893இல் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவர ராவ், அந்தத் தைலத்தை இசைக் கச்சேரிகளில் இலவசமாக வழங்கிப் பரப்பினார் என்று சொல்வார்கள். மக்கள் எங்கே கூடுகிறார்களோ, அங்கே சென்று, முதலில் நம்பிக்கையைப் பெற்று, பிறகு சரக்கை விற்பது என்பதே அவருடைய வழி. இன்று மக்கள் கூடுமிடம் கைப்பேசித் திரை. இடம் மாறியிருக்கிறது; வழி மாறவில்லை.

விளம்பரம் எப்படி நடக்கிறது

இணையத்தில் முதற் பட்டை விளம்பரம் 1994இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் கூகுள் தன் விளம்பர முறையைத் தொடங்கியது. அது எவ்வாறு நடக்கிறதென்று சுருக்கமாகக் கூறுகிறேன். சென்னையில் ஒருவர் தம் கைப்பேசியில் "நல்ல காப்பித் தூள்" என்று தேடுகிறார். அவர் கண்ணில் முதலில் படும் இடத்துக்கு அந்தக் கணத்திலேயே ஓர் ஏலம் நடக்கிறது. காப்பி விற்பவர்கள் ஒவ்வொருவரும் இவ்வளவு தருகிறோம் என்று முன்னரே எழுதி வைத்திருப்பார்கள். அதிகப் பணம் தருபவருக்கே இடம் என்பதும் இல்லை. தேடுபவருக்கு அந்த விளம்பரம் எவ்வளவு பொருத்தமானது என்பதும் பார்க்கப்படும். அவர் விளம்பரத்தைத் தொட்டால் விற்பவர் பணம் கட்ட வேண்டும். தொட்டவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களை நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பொட்டலம் காப்பித் தூளை, அனுப்பும் செலவும் சேர்த்து, 300 ரூபாய்க்கு விற்கிறீர்கள். கொட்டை, வறுத்தல், அரைத்தல், உறை ஆகியவற்றுக்கு 170 ரூபாய். அட்டைப் பெட்டிக்கும் தபாலுக்கும் 60 ரூபாய். மீதி 70 ரூபாய். விளம்பரத்துக்கு 1,000 ரூபாய் செலவிடுகிறீர்கள். ஒரு தொடுகைக்கு 5 ரூபாய் என்றால் 200 பேர் வந்து பார்ப்பார்கள். ஐம்பதில் ஒருவர் வாங்கினால் நால்வர் வாங்குவர். அதாவது, ஒரு வாடிக்கைக்காரரைப் பெற ஆன செலவு 250 ரூபாய். அவரிடம் கிடைத்த மீதி 70 ரூபாய். முதல் பொட்டலத்தில் 180 ரூபாய் நஷ்டம்.

அப்படியானால் விளம்பரமே கூடாதா என்றால், அதுவும் சரியன்று. அதே வாடிக்கைக்காரர் உங்கள் காப்பி பிடித்துப்போய், மறுபடியும் விளம்பரம் இல்லாமலே வாங்கினால், நான்காம் பொட்டலத்தில் மொத்த மீதி 280 ரூபாய் ஆகிறது. விளம்பரச் செலவு தீர்ந்து 30 ரூபாய் கையில் நிற்கிறது. அதற்குமேல் வருவதெல்லாம் லாபம். ஆகவே, இந்த வணிகத்தின் உயிர் முதல் விற்பனையில் இல்லை. நான்காம் விற்பனையில் இருக்கிறது. முதல் பொட்டலத்தை விளம்பரம் விற்கும். நான்காம் பொட்டலத்தை உங்கள் நாணயம்தான் விற்க வேண்டும்.

என் தவறு ஒன்று

நிற்க. இவ்வளவு கணக்குச் சொல்லும் நான் ஒரு காலத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் இருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், சமவெளியில் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றினேன். அங்கே ஒரு மகளிர் குழுவினர் தினை உருண்டை செய்து விற்றனர். நல்ல சுவை; ஊரில் நல்ல பெயர். ஒரு நாள், விளம்பரக் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லி ஓர் இளைஞர் வந்தார். மூன்று மாதத்தில் குழுவின் இணையப் பக்கத்துக்குப் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருவதாகவும், அதற்கு 24,000 ரூபாய் ஆகுமென்றும் கூறினார். குழுவினர் என் கருத்தைக் கேட்டனர். நான் பட்டம் பெற்றவன், உத்தியோகஸ்தன், காலத்துக்குப் பின்தங்கியவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. "காலத்துக்கு ஏற்ற முயற்சி, ஊக்குவிக்கத்தக்கது" என்று அவர்களுடைய தீர்மானப் புத்தகத்தில் எழிக் கையொப்பமிட்டேன்.

அந்த இளைஞர் சொன்னபடி பத்தாயிரம் பேர் சேர்ந்தார்கள். வந்த ஆர்டர்களோ பதினொன்று. சேர்ந்தவர்களில் பலர் மனிதரே அல்லர், விலைக்கு வாங்கிய வெறும் பெயர்கள் என்பது பின்னால் தெரிந்தது. குழுவின் பொருளாளர் ஓர் அம்மையார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, பத்தாயிரம் பேர் வந்தாங்கன்னு சொல்றீங்க. நம்ம உருண்டையை இதுல எத்தனை பேர் வாயில போட்டாங்க?" என்னிடம் பதில் இல்லை. அந்த 24,000 ரூபாயை அவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து ஓராண்டு காலம் தவணை தவணையாக ஈடு செய்தார்கள். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

அந்த அம்மையாரின் கேள்வியே இந்தத் துறை முழுவதற்கும் உரைகல் என்று இப்போது நினைக்கிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் தொடர்ந்தார்கள் என்பவையெல்லாம் பின்னால் வரட்டும். எத்தனை பேர் பணம் கொடுத்து வாங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

நாமும் வாங்குபவர்களே

இதுவரை விற்பவர்களாகப் பேசினோம். ஆனால், நாம் ஒவ்வொருவரும் வாங்குபவர்களும்கூட. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குக்கருக்கு ஒரு ரப்பர் வளையம் வேண்டுமென்று கைப்பேசியில் தேடினேன். வாங்கியும் விட்டேன். அதன்பின் பதினைந்து நாட்கள், செய்தி படித்தாலும் பாட்டுக் கேட்டாலும் குக்கர் விளம்பரம் என் பின்னாலேயே வந்தது. கடைசியில் தேவையில்லாத ஒரு குக்கரையே வாங்கினேன். என் தாயார் அதைப் பார்த்துவிட்டு, "முன்னெல்லாம் நாம சந்தைக்குப் போவோம், பொழுது சாய்ஞ்சா சந்தை கலைஞ்சிடும். இப்போ சந்தை வீட்டுக்குள்ளே வந்து படுத்துக்கிச்சு" என்றார்.

அது உண்மை. வாரச் சந்தைக்குப் பொழுது உண்டு. கைப்பேசிச் சந்தைக்குப் பொழுது இல்லை. இலவசமாகக் கிடைக்கும் காணொளிக்கும் செய்திக்கும் நாம் பணம் கொடுப்பதில்லை என்று எண்ணுகிறோம். நம் கவனத்தையும், நாம் எதைத் தேடினோம், எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்ற தகவலையும் விலையாகக் கொடுக்கிறோம். அந்தத் தகவலைக் கொண்டுதான் நமக்கு எதை எப்போது காட்டலாம் என்று தீர்மானிக்கிறார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் தாய் ஒரு திரையையும் பிள்ளை ஒரு திரையையும் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் இம்மலையிலும் உண்டு. கைப்பேசி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சந்தையைக் கலைக்கும் நேரத்தை இனி நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

"இன்னும் இரண்டே உள்ளன, உடனே வாங்குங்கள்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதும், விலையை முதலில் குறைத்துக் காட்டிக் கடைசியில் கூட்டுவதும் பல இடங்களில் நடப்பவை. இத்தகைய 13 தந்திரங்களைக் குறிப்பிட்டு மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வாங்கிய பொருளில் குறையிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பணம் மோசடி போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இன்னொன்றையும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. "உங்கள் ஆர்டருக்குப் பணம் அனுப்புகிறேன், இரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் பணத்தை எடுக்க வருகிறார் என்று பொருள்.

பிறர் நம்மிடம் செய்தால் பொறுக்க மாட்டாத எதையும் நாம் பிறரிடம் செய்யக் கூடாது. சுற்றத்தாரையும் நண்பர்களையும் கொண்டு "மிக நன்று" என்று பொய் மதிப்புரை எழுதச் செய்வது இன்று பரவியிருக்கும் பழக்கம். இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரநிலையையே வெளியிட வேண்டியதாயிற்று. பொய்ப் புகழ் ஒரு பொட்டலத்தை விற்கும், நான்காவதை விற்காது.

அரக்குப் பள்ளத்தாக்கின் பாடம்

ஆந்திரத்தில் அரக்குப் பள்ளத்தாக்கு என்று ஓரிடம் உண்டு. அங்கும் பழங்குடி விவசாயிகள் சிறு சிறு நிலங்களில் காப்பி வளர்க்கிறார்கள். அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். நாந்தி அறக்கட்டளை துணை நின்றது. 2017இல் அரக்குக் காப்பிக்குப் பாரிசு நகரத்தில் ஒரு கடை திறக்கப்பட்டது. 2019இல் அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதைக் கேட்டவுடன் விளம்பரத்தின் மகிமை என்று நினைக்கத் தோன்றும். விளம்பரத்துக்கு முன்னே பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. பழுத்த பழத்தை மட்டும் பறிப்பது, அன்றன்றே பதப்படுத்துவது, ஒழுங்காக உலர்த்துவது, தரம் பிரிப்பது, அத்தனை குடும்பங்களின் காப்பியும் ஒரே தரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஆகியவையே அந்த உழைப்பு. ஊரின் பெயர் சரக்கை உயர்த்தவில்லை. சரக்கே ஊரின் பெயரை உயர்த்தியது.

நம் சேர்வராயன் மலைக்கும் காப்பி உலகில் ஒரு பெயர் உண்டு. காப்பி வாரியம் இந்தியாவின் காப்பி வட்டாரங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கும்போது சேர்வராயனையும் ஒரு வட்டாரமாகவே குறிக்கிறது. அந்தப் பெயரைக் காப்பது உங்கள் களத்தில் இருக்கிறது. பச்சைக் காயும் பழுத்த பழமும் கலந்து பறித்தால் எந்தக் கைப்பேசியும் அந்தக் கசப்பை மறைக்காது.

செய்யத்தக்கவை

இனி, உங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

முதலாவது, சட்டப்படியான சீட்டு. உணவுப் பொருளை விற்பவர்கள் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்; 14 இலக்கப் பதிவு எண் உறைமீது இருக்க வேண்டும். தயாரிப்பவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், விலை ஆகியவையும் வேண்டும். சிக்கரி கலந்தால் எத்தனை விழுக்காடு என்று எழுத வேண்டும். காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இவற்றை வெறும் சட்டமாக எண்ணாதீர்கள். முகம் காணாத வாடிக்கைக்காரருக்கு உறையே உங்கள் முகம்.

இரண்டாவது, ஏற்கெனவே நம்மைத் தேடி வருபவர்கள். கரடியூர்க் காட்சி முனையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காரில் ஏறி வருகிறார்கள். அவர்களை இங்கே அழைத்து வர நீங்கள் ஒரு காசும் செலவிடவில்லை. இந்த மலையையும் மூடுபனியையும் அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஒரு சிறிய மேசை போட்டு, ஒரு தம்ளர் காப்பி கொடுங்கள். பிடித்திருந்தால் வாங்குவார்கள். வாங்கியவரிடம், "அடுத்த பறிப்பு முடிந்ததும் தெரிவிக்கலாமா?" என்று கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் அவர் கைப்பேசி எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் மாதம் ஒரு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். பங்குனி, சித்திரையில் மழை பெய்து தோட்டம் வெள்ளையாகப் பூத்திருக்கும்போது ஒரு படம். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கும்போது ஒரு படம். களத்தில் உலரும்போது ஒரு படம். இவற்றைவிடச் சிறந்த விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் உங்களுக்குச் செய்து தர முடியாது. கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள், அந்த எண்களைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். அது அவர்கள் நம்மிடம் ஒப்படைத்த பொருள்.

மூன்றாவது, கணக்கு. எந்த வாடிக்கைக்காரர் எந்த வழியில் வந்தார், எத்தனை முறை வாங்கினார், எத்தனை பார்சல் திரும்பி வந்தது என்று எழுதி வாருங்கள். பத்தாம் வகுப்புப் படித்த பெண்கள் உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் பயிற்சியில் இதைக் கற்றுக்கொள்வார்கள். அதற்கு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு.

நான்காவது, விளம்பரம். அதையும் செய்து பாருங்கள். ஆனால், 50,000 ரூபாயில் தொடங்காதீர்கள். 1,000 ரூபாயில், உங்கள் கையாலேயே, ஒரு வாரம் செய்து பாருங்கள். நம் நெல் வயலில் புது விதையை முதலில் ஒரு பாத்தியில்தானே போட்டுப் பார்க்கிறோம்? அதில் விளைந்ததைப் பார்த்து, அடுத்ததைத் தீர்மானியுங்கள். எந்தக் கம்பெனியாவது வந்தால், அந்தப் பொருளாளர் அம்மையாரின் கேள்வியைக் கேளுங்கள்: "எத்தனை பேர் வாங்குவார்கள்? வாங்காவிட்டால் எங்கள் பணத்துக்கு நீங்கள் என்ன பொறுப்பு?" அதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம் கடன் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

தாய்மார்களே! இது என் யோசனையே தவிர, உத்தரவு அன்று. பணம் உங்களுடையது, அதைத் திருப்பிக் கட்டப்போகிறவர்களும் நீங்களே. முன்பு ஒருமுறை, பிறர் பணத்துக்கு என் பேனாவால் ஒரு புகழுரை எழுதினேன். இம்முறை உங்கள் தீர்மானப் புத்தகத்தில் என் புகழுரை இராது. நீங்கள் கூடிப் பேசி, கணக்குப் போட்டு, என்ன முடிவுக்கு வருகிறீர்களோ, அதையே எழுதுங்கள். அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் வருவேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்க மாட்டேன். எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று மட்டும் கேட்பேன்.

நீங்கள் கொடுத்த காப்பி மிக நன்றாக இருந்தது. புறப்படுமுன் ஒரு பொட்டலம் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். என் பெயரையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.